அபினும் அருளும்

கண்டி மாநகரின் சரித்திரத்தை எடுத்துரைப்போர் தலதா மாளிகையைச் சொல்வர், ஏரியைச் சொல்வர், 1815ஆம் ஆண்டில் அரசு கைமாறிய கதையைச் சொல்வர், பின்னர் கோப்பி, தேயிலை என்று சொல்லி முடிப்பர். அச்சரித்திரத்தின் ஒரு மூலையிலே யாரும் கையிலெடுத்துப் பார்க்காத சிறு பொருளொன்று கிடக்கின்றது. அபின் என்பது அதன் பெயர். மருந்தாக வந்து, வருமானமாக வளர்ந்து, குற்றமாக மாறிய பொருள் அது. அதனால் மூச்சடங்கிக் கிடந்த மனிதனுக்கு அருகே உட்கார்ந்தவர்கள் யார், அவர்களுக்கு அந்த வித்தையைக் கற்பித்தவர்கள் யார் என்பதே இக்கட்டுரையின் பொருள். ஆண்டு மலருக்கு இது ஏற்ற விஷயந்தானா என்று பெரியோர் சிலர் நினைக்கக்கூடும். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் எண்ணத்தை மாற்றியது ஒரு மாலைப்பொழுது. 1980களின் பிற்பகுதியில், நகரின் ஒரு சந்திலே, பூட்டிக் கிடந்த கடையொன்றின் திண்ணையில் இருபது வயதும் நிரம்பாத பையனொருவன் மல்லாந்து கிடந்தான். கூட இருந்த இருவர் ஆட்களைக் கண்டதும் ஓடி மறைந்தனர். பொலிசுக்குப் பயந்திருக்க வேண்டும். பையனிடமிருந்து குறட்டை போன்ற ஒரு சத்தம். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு சத்தம். உதடுகள் கருநீலமாகி விட்டன. கூடி நின்றோரில் ஒருவர் முகத்தில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஒருவர் தேசிக்காய்ச் சாறு பருக்கச் சொன்னார். இன்னொருவர், "குடுக்காரன்தானே, கிடக்கட்டும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது. அப்பொழுது கையிலே குடையோடு வந்த முதியவர் ஒருவர் குடையைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டார். ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் டிஸ்பென்சராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பையனின் தலையைப் பின்சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, கைக்குட்டையை வாய்மேலிட்டுத் தம் மூச்சையே அவனுக்கு ஊதினார். வான் ஒன்று வரும்வரை ஊதிக்கொண்டேயிருந்தார். அதற்குப்பின் நடந்ததைக் கடைசியிற் சொல்கிறேன். அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று தேடப்போய்த்தான் இந்தச் சரித்திரத்துக்குள் நான் விழுந்தேன்.

கசகசாச் செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பால், உறைந்து கறுத்து அபினாகிறது. சமையலறையிலுள்ள வெள்ளைக் கசகசா அதே செடியின் விதையே. ஆயினும் அபினின் வீரியம் காயின் பாலிலன்றி விதையில் இல்லை. (நம் நாட்டில் பலூடாவில் மிதக்கும் கறுப்பு விதையையும் கசகசா என்றே அழைக்கிறோம். அது திருநீற்றுப்பச்சை இனத்து விதை. அபினுக்கும் அதற்கும் யாதொரு உறவுமில்லை. பலூடா அருந்துவோர் அஞ்ச வேண்டாம்.) சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய ஆயுர்வேத நூல்களில் அபின் இல்லை. அரபு வணிகரோடு இந்தியாவுக்கு வந்தபின், மத்திய காலத்துச் சார்ங்கதர சம்ஹிதையிலே அது மருந்தாக இடம் பெறுகிறது. வயிற்றோட்டத்தை நிறுத்தும், வலியை அடக்கும், இருமலைத் தணிக்கும், தூக்கம் தரும். வைத்தியம் அதிகம் கைகொடுக்காத காலத்தில் இந்நான்கும் செய்யும் ஒரு பொருளை மக்கள் எவ்வளவு போற்றியிருப்பர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அதை நஞ்சென்று மட்டும் படித்து வளர்ந்த நமக்கு அது எளிதில் விளங்குவதில்லை.

கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பின், சுற்றியிருந்த மலைகளில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1854ஆம் ஆண்டில் தோட்டத்துரைமார் தம் சங்கத்தை நிறுவியதும் இக்கண்டியிலேதான். அத்தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிச் சீமைக்கு அவர்கள் நடந்தார்கள். வாந்திபேதியும் சீதபேதியும் காய்ச்சலும் அவர்களோடு கூட நடந்தன. வழியிலும் லயன்களிலும் மாண்டோர் தொகை மிகப் பெரிது. வாந்திபேதிக்கு அன்று கொடுக்கப்பட்ட முக்கிய மருந்துகளில் ஒன்று அபின், அல்லது அபினைச் சாராயத்திற் கரைத்த லாடனம். இந்தியாவில் படை வைத்தியராயிருந்த கொலிஸ் பிரௌன் என்பவர் 1848ஆம் ஆண்டளவில் வாந்திபேதிக்கென்றே ஒரு கலவை செய்தார். லாடனமும், குளோரோபோமும், கஞ்சாச் சத்தும் சேர்ந்த அதற்குக் குளோரோடைன் என்று பெயர். ஆங்கிலேயர் கொடி பறந்த நாடெங்கும் மருந்துப் பெட்டிகளில் அது இருந்தது.

வாந்திபேதியில் உயிரை வாங்குவது உடலின் நீர் வற்றுதல் என்பதும், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரே அதற்குப் பெருந்துணை என்பதும் வெகுகாலத்துக்குப் பின்னரே நிலைநாட்டப்பட்டன. அன்றைய நோயாளிக்கு அபின் வலியைக் குறைத்தது, அவ்வளவே. அதுவும் துளிக்கணக்கு அறிந்த கையில் இருக்கும்வரைதான். சீசாவை எடுத்து ஊற்றுபவர் வைத்தியம் படியாத ஒருவராக இருந்தால், ஐந்து துளியும் ஐம்பது துளியும் அவருக்கு ஒன்றே. சிறு குழந்தைக்கோ ஒருசில துளிகளே கூற்றுவனாகும். ஆகவே, மருந்தைக் கொண்டு வந்தால் போதாது, மருந்தறிந்த மனிதரையும் உண்டாக்க வேண்டும் என்ற தேவை அன்றே எழுந்தது.

அத்தேவையைத் தமிழிலே நிறைவேற்ற முனைந்த பெருமகன் ஒருவரை இங்கே நினைவுகூர்தல் நம் கடன். அவர் கண்டிக்கு வந்தவரல்லர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்தவர். நம் சமயத்தவருமல்லர், அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர். டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். அடுத்த ஆண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். படித்து முடித்தவர்கள் நல்ல சம்பளத்தை நாடிப் புறத்தே போவதையும், கிராமத்து நோயாளி முன்போலவே துணையின்றிக் கிடப்பதையும் கண்டார். 1864ஆம் ஆண்டு முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். கற்பிக்க நூல் வேண்டுமே! தம் மாணவரையும் தமிழறிஞரையும் துணைக்கொண்டு மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். இரண வைத்தியம், வைத்தியாகரம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்பன அவற்றுட் சில. 1873ஆம் ஆண்டில் நாடு திரும்பிய பின்னும் அவர் கை ஓயவில்லை. அவரிடமும் அவர் ஏற்படுத்திய முறையிலும் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கு மேற்பட்டோர்.

சமயத்தைப் பரப்ப வந்தவர்தானே என்று அவரை ஒதுக்கிவிடுவோரும் உளர். அவருடைய நோக்கம் அதுவாக இருந்ததை அவரே மறைத்ததில்லை. ஆயினும் நோயாளி தன் வேதனையைத் தன் மொழியிற் சொல்ல, அதை அதே மொழியில் வைத்தியன் கேட்க வேண்டும் என்று அவர் கண்டது எச்சமயத்தார்க்கும் பொதுவான உண்மை. "எங்கே நோகிறது?" என்று கேட்க ஒரு துபாஷி தேவைப்படும் இடத்தில் கருணை பாதி வழியிலேயே தங்கிவிடுகிறது. மலைநாட்டில் நெடுங்காலம் நடந்தது அதுதான்.

கொழும்பிலே 1870ஆம் ஆண்டில் அரசாங்க வைத்தியப் பாடசாலை திறக்கப்பட்டது. 1872ஆம் ஆண்டில் தோட்டப்பகுதிகளின் வைத்தியத் தேவைக்கென ஒரு சட்டம் பிறந்தது. கோப்பி மாவட்டங்களில் வைத்திய உத்தியோகத்தரும் ஆஸ்பத்திரிகளும் ஏற்பட்டு, அதற்கான செலவில் தோட்டங்களும் பங்கு செலுத்தின. பின்வந்த சட்டங்கள் இந்த ஏற்பாட்டை விரிவாக்கின. இக்காலத்தை ஒட்டித்தான் அப்போதிக்கரிமாரும் டிஸ்பென்சர்மாரும் தோட்டமக்களின் வாழ்வில் வந்து சேர்ந்தார்கள். பெரிய டாக்டர் என்றோ ஒருநாள் வருவார். டிஸ்பென்சர் ஐயா என்றும் இருப்பார். மருந்துச்சாலைச் சாவி அவரிடம். அபின் கலந்த சீசாவும் அவரிடம். இந்த வகுப்பினரைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. நம் வாலிபர் எவரேனும் தம் பாட்டனார் ஒருவரின் தோட்ட வாழ்வை எழுதப் புகுந்தால் இவர்களையும் எழுதிவைப்பார்களாக.

இது ஒருபுறமிருக்க, மறுபுறத்தில் அபின் கடைச்சரக்காகவும் விற்றது. இந்தியாவில் விளைந்த அபினை இலங்கையில் விற்க அரசாங்கம் அனுமதிப் பத்திரம் கொடுத்தது. அதனால் வருமானமும் பெற்றது. பொதுமக்களிடையே இதற்கு எதிர்ப்பு மூண்டது. விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. 1910ஆம் ஆண்டின் அபின் சட்டத்தோடு கடைகள் மூடப்பட்டன. வெளியுலகிலும் அப்போது காற்று திரும்பியிருந்தது: 1909இல் ஷாங்ஹாய் மாநாடு, 1912இல் ஹேக் உடன்படிக்கை. 1929ஆம் ஆண்டிலே நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பலமுறை திருத்தப்பட்டாலும் இன்றும் நாட்டில் வழங்குவது அதுவே.

1910ஆம் ஆண்டு ஏற்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. நெடுநாள் பழக்கத்தால் அபினின்றி இருக்கமுடியாதவரை அது ஒரே நாளிற் குற்றவாளியாக்கவில்லை. அவர்களுடைய பெயரைப் பதிந்து, அரசாங்கத்தின் மூலமே அளந்து கொடுத்தது. நாட்டு வைத்தியருக்கும் அவ்வாறே வழி செய்தது. அதை அரசாங்கம் கருணையினாற் செய்ததா, நிர்வாக வசதிக்காகச் செய்ததா என்று நான் வாதிட மாட்டேன். எப்படியாயினும், பழக்கத்துக்கு ஆளானவன் ஒளிந்தோட வேண்டியதில்லை என்ற நிலை அந்தத் தலைமுறைக்குக் கிட்டியது. பிற்காலத்தவருக்கு அது கிட்டவில்லை.

இனி இரசாயன சாலைக்குள் ஒரு கணம் நுழைவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் செர்ட்டூர்னர் அபினிலிருந்து மோர்பீன் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தார். 1874இல் லண்டனில் ஒருவர் அதை மாற்றிச் செய்த பொருளை, 1898இல் பாயர் கம்பெனி ஹெரோயின் என்ற பெயரால், இருமலுக்கு நல்ல மருந்தென்று விற்றது! இவையெல்லாம் உடலில் ஒரே விதமாகவே கொல்கின்றன. மூளையின் அடித்தண்டிலே மூச்சை ஏவும் இடம் ஒன்றுண்டு. நாம் உறங்கும்போதும் நம்மை மூச்சுவிடச் செய்வது அதுவே. அளவு மிஞ்சிய அபின்வகை மருந்து அந்த ஏவலாளனைத் தூங்கச் செய்கிறது. இருதயம் சிறிது நேரம் துடித்துக்கொண்டிருக்கும். மூச்சு மட்டும் குறைந்து குறைந்து நின்றுவிடும். ஆகையால் இந்த நஞ்சுண்டவன் பெரும்பாலும் மூச்சின்மையாலேயே சாகிறான். வேறொருவர் அவனுக்காக மூச்சுவிட்டால் பிழைக்கிறான்.

இந்த எளிய உண்மையை மனிதர் கண்டுபிடிக்க எத்தனை சுற்று! நோயாளியைத் தூங்கவிடாமல் இருபுறமும் தாங்கி நடத்தினார்கள், கடுங்கோப்பி பருக்கினார்கள், ஈரத்துணியால் அடித்தார்கள். நியூயோர்க்கைச் சேர்ந்த டாக்டர் மூர் என்பவர் 1894ஆம் ஆண்டில், கிணற்றுக்குப் போடும் கொண்டிஸ் மருந்தான பொட்டாசியம் பெர்மாங்கனேற்றே மாற்றுமருந்து என்று காட்டுவதற்காக, சக வைத்தியர் முன்னிலையிலே மோர்பீனைத் தாமே விழுங்கி அதையும் விழுங்கிக் காட்டினார். பிழைத்தும் கொண்டார். ஆனால் இரத்தத்தில் ஏறிவிட்ட நஞ்சை அது தொடுவதில்லை. செயற்கைச் சுவாசத்துக்கும் பல முறைகள் வந்தன: கைகளைத் தலைக்குமேல் தூக்கி இறக்கும் சில்வெஸ்டர் முறை, குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தும் ஹோல்கர் நீல்சன் முறை. வாயோடு வாய்வைத்து ஊதுவதே சிறந்ததென்று 1950களின் இறுதியில் எலாம், சாபர் என்ற இரு டாக்டர்கள் ஐயத்துக்கிடமின்றிக் காட்டினர். நம் டிஸ்பென்சர் ஐயா பயிற்சிக் காலத்தில் முதலிற் கற்றது முதுகை அழுத்தும் முறையே. பிற்பாடு ஒரு டாக்டர் வந்து புதியதைக் கற்பித்தாராம். "பழசை மறக்கத்தான் கஷ்டப்பட்டேன்" என்று அவர் சொன்னதுண்டு.

உண்மையான மாற்றுமருந்து 1961ஆம் ஆண்டளவில் பிறந்தது. போலந்திலிருந்து குழந்தைப் பருவத்திலே அகதியாக வெளியேறிய ஜாக் பிஷ்மன், நியூயோர்க்கில் மோசஸ் லூவென்ஸ்டைன் என்பவரோடு சேர்ந்து நலொக்சோன் என்னும் மருந்தை ஆக்கினார். 1971இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அபின் பற்றும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்வது இதன் தொழில். ஊசியாற் செலுத்திய சில நிமிடங்களில் மூச்சு திரும்புகிறது. அபின்வகை உண்ணாதவனுக்குக் கொடுத்தாலும் பெரும்பாலும் தீங்கில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. ஆனால் மருந்து ஆஸ்பத்திரி அலுமாரியில் இருந்தது. மூச்சு நிற்பதோ அறையிலும் சந்திலும். அதை ஆக்கிய பிஷ்மனின் வீட்டுக்கே இந்த இடைவெளியின் துயரம் வந்தது. அவருடைய மனைவியின் மகன் 2003ஆம் ஆண்டில் ஹெரோயின் அளவு மிஞ்சி இறந்தார்.

நம் நாட்டுக்கு ஹெரோயின் வந்தது 1980களின் தொடக்கத்தில். உல்லாசப் பிரயாணிகள் வந்துபோகும் கரையோரங்களில் தொடங்கி நகரங்களுக்கு ஏறியது; கண்டியும் தப்பவில்லை. 1984ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இரண்டு கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனையோ ஆயுட்சிறையோ விதிக்க இடமளித்தது. அதே ஆண்டில் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் சட்டத்தால் நிறுவப்பட்டது. சபையின் சிகிச்சை நிலையங்களில் ஒன்று கண்டியில் அமைந்தது. இங்கு குடு பாவிப்போர் அதை ஊசியால் ஏற்றுவது அரிது, புகையாகவே உள்ளிழுக்கிறார்கள். இதனால் மேனாடுகளிற்போல் கூட்டங்கூட்டமாக மூச்சடங்கிச் சாகும் நிலை இங்கு வரவில்லை. அதை வைத்து நாம் நிம்மதியடையலாமா என்பது வேறு கேள்வி. திண்ணையிற் கிடந்தவனுக்கு அந்தக் கணக்கு உதவாது.

பேராதனையைப் பற்றிச் சொல்லவேண்டிய இடம் இதுவே. கண்டியிலிருந்து நாலு மைல் தொலைவில், 1962ஆம் ஆண்டில் நாட்டின் இரண்டாவது மருத்துவ பீடம் அங்கே தோன்றியது. அதன் முதற் பீடாதிபதி பேராசிரியர் சேனக பிபிலே கண்டித் திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர், மருந்தியல் அறிஞர். ஏழைநாடு எந்த மருந்தை வாங்க வேண்டும், எப்படி அளவோடு வழங்க வேண்டும் என்று அவர் வகுத்த கொள்கையும், 1971இல் அவர் முயற்சியால் எழுந்த அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனமும் உலகின் கவனத்தை ஈர்த்தன.

அந்தப் பீடத்தை மையமாகக் கொண்டு, 2004ஆம் ஆண்டளவில், நஞ்சுண்டோருக்கான சிகிச்சையை ஆராயும் தென்னாசியக் கூட்டமைப்பொன்று தொடங்கியது. அவர்கள் முதன்மையாக ஆராய்ந்தது அபினையன்று. பூச்சிகொல்லியையும், அலரி விதையையும், மாத்திரைகளையும் விழுங்கியோரை. ஆயினும் நம் பொருளுக்கு இதைவிட நெருங்கிய பாடம் இந்நாட்டில் இல்லை. 1995ஆம் ஆண்டிலே இலங்கையின் தற்கொலை விகிதம் இலட்சத்துக்கு 47 பேர் என்ற பயங்கர உச்சத்தில் நின்றது. நஞ்சுண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவரை இரக்கத்தோடு நோக்கியவர் பலர். "வேலை வைக்க வந்துவிட்டான்" என்று முகஞ்சுளித்தவரும் இருந்தனர். வயிறு கழுவுதலைச் சிகிச்சையாக அன்றித் தண்டனைபோலச் செய்ததும் உண்டு. நினைவிழந்தவனைக் கட்டாயமாக வாந்தியெடுக்கச் செய்வதும், குழாயைத் திணிப்பதும் நுரையீரலுக்குள் நஞ்சைத் தள்ளி உயிரைப் போக்கும் என்பதை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். வடமத்திய மாகாணத்தின் சிறு ஆஸ்பத்திரிகளுக்கு ஆட்களை அனுப்பி, அங்குள்ள வைத்தியருக்கும் தாதிமாருக்கும் அவ்விடத்திலேயே பயிற்சி கொடுத்துப் பார்த்தனர். நஞ்சுண்டவன் முதலில் வந்து சேர்வது அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குத்தானே. கொடிய பூச்சிகொல்லிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்யப்பட்டதும், சிகிச்சை சீர்பட்டதும் சேர்ந்து, பின்வந்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதத்தை ஏறக்குறைய 70 சதவீதம் குறைத்தன.

இதற்கிடையே 1998ஆம் ஆண்டில் சத்தமில்லாமல் ஒரு காரியம் நடந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமெனக் கூறிய தண்டனைச் சட்டப் பிரிவு நீக்கப்பட்டது. கட்டிலருகே வழக்கைப் பற்றிய பயம் நிற்க வேண்டிய அவசியம் ஒழிந்தது. தாய் தன் மகள் விழுங்கியதை மறைக்காமல் சொல்லலாம். சொன்னால் வைத்தியனுக்கு மருந்து தெரியும். குடுவைப் பொறுத்தவரையிலோ அந்தப் பயம் அப்படியே நிற்கிறது. 2023 டிசம்பரில் தொடங்கிய யுக்திய நடவடிக்கையிலே பல்லாயிரவர் கைதாயினர். விற்பவனைப் பிடிப்பதை நான் குறைகூறவில்லை. ஆனால் மூச்சடங்கும் நண்பனை விட்டுவிட்டு ஓடும் அந்த இரு பையன்களின் கால்களில் வேகத்தை ஏற்றுவதும் இதே பயந்தான். அபின் நஞ்சில் மூளைக்குக் கிடைக்கும் அவகாசம் சில நிமிடங்கள். ஓடியவன் மனந்திரும்பி வருவதற்கு அது போதாது.

இந்த இடைவெளியை அடைக்கவே 2014ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் புதிய நெறியொன்றை வெளியிட்டது. அபின் நஞ்சைக் கண்ணாற் காணக்கூடியவர் எவரோ, அதாவது நண்பர், பெற்றோர், சமூக சேவையாளர், அவர்களுக்கும் நலொக்சோனும் பயிற்சியும் கிடைக்கவேண்டும் என்றது. இந்தியாவில் மணிப்பூர், நாகாலாந்து முதலிய இடங்களில் தொண்டு நிறுவனங்கள் அதற்கு முன்பே இவ்வழியிற் சென்றிருந்தன. பின்னர் கசகஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், உக்ரேன் ஆகிய நாடுகளில் 14,000 பேருக்கு மேல் பயிற்சி பெற்றனர்.

அப்பயிற்சியில் என்ன சொல்கிறார்கள்? மருந்தைப் பற்றிச் சொல்வது கொஞ்சம். மனிதனைப் பற்றிச் சொல்வதே அதிகம். கண்மணி ஊசிமுனைபோற் சுருங்குதல், எழுப்பினாலும் எழாமை, மூச்சு அருகுதல் என்னும் மூன்றும் அடையாளம். நம்மவர் நிறத்தில் முகத்து நீலம் தெரியாது. உதட்டையும் நகத்தையும் பார்க்க வேண்டும். வாயில் எதையும் ஊற்றலாகாது. தலையைச் சாய்த்து மூச்சுக் கொடுத்து, மூச்சு வந்தபின் ஒருக்களித்துக் கிடத்த வேண்டும். 2016இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய 1990 அம்புலன்ஸ் சேவை இலவசம். அதன் முதல் உத்தியோகத்தர்கள் ஹைதராபாத்திலே பயின்று வந்தவர்கள். ஐஸ் என்னும் இக்காலத்துப் பொருளுக்கு நலொக்சோன் பலிக்காது. மூச்சைப் பார்ப்பது எதற்கும் பலிக்கும்.

அதிகம் அறியப்படாத ஒன்றைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். சிறையிலிருந்தோ சிகிச்சை நிலையத்திலிருந்தோ வெளிவந்த முதற் சில வாரங்களே பேரபாயமான காலம். 1876இல் எழுந்த போகம்பறைச் சிறைச்சாலை 2014இல் மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனர். வாயில் மாறினாலும் வாயிலைத் தாண்டி வருபவனின் உடல்நிலை மாறவில்லை. சில மாதங்கள் விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்கும் வலிமையை இழந்துவிடுகிறது. அவன் மனமோ பழைய அளவையே நினைத்திருக்கிறது. "இனித் தொடமாட்டேன்" என்று சத்தியம் வாங்குவதோடு நின்றுவிடும் வீட்டார், இதையும் அவனோடு அமர்ந்து பேசினால் நன்று.

மருந்து கொடுத்து எழுப்பியவன் நன்றி சொல்லமாட்டான் என்பதும் பயிற்சியில் உண்டு. நலொக்சோன் திடீரென அபினைத் தள்ளிவிடுவதால் உடல் நோகும், வாந்தி வரும், கோபம் வரும், எழுந்தோடப் பார்ப்பான். மருந்தின் வேகம் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறையத் தணிந்துவிடும். உடலில் எஞ்சிய அபின் மறுபடி மூச்சை அமுக்கலாம். அந்த வேளையில் யாரேனும் ஒருவர் அவனை வைது விரட்டினால், அவன் போய் விழுவது யாருமில்லாத இடத்தில். புற்றுநோயால் துடிப்பவருக்கு அளந்து கொடுக்கும் மோர்பீனும் இதே குலந்தான். மருந்தின் பெயருக்கு அஞ்சிப் பாட்டியை வலியில் விடுவதும், தெருவிற் கிடப்பவனை அவன் பெயருக்கு அஞ்சி விடுவதும் ஓரிடத்திலிருந்தே பிறப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அன்று வானிலே பையனை ஏற்றிச் சென்றபோது நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். சில நிமிடத்தில் அவன் கண் விழித்தான், திட்டினான், கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தான். அங்கிருந்த ஒருவர், "இவனுக்கெல்லாம் மருந்தை வீணாக்குகிறோம்" என்று சொன்னது எல்லாருக்கும் கேட்டது. டிஸ்பென்சர் ஐயா அதற்குப் பதில் சொல்லவில்லை. பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, உன் பேரென்ன?" என்று கேட்டார். அவன் இரண்டு முறை சொல்லவில்லை. மூன்றாம் முறை சொன்னான். அதன்பின் அவர் அவனை அப்பெயராலேயே அழைத்தார். என்ன தின்றாய், யார் கொடுத்தான் என்பதை டாக்டர் கேட்கட்டும் என்று விட்டுவிட்டு, ஊர் எது, தாய் இருக்கிறாளா என்று மட்டும் கேட்டார். இரவு எல்லாரும் போன பின்னும் வார்ட்டு வாசல் வாங்கிலேயே இருந்தார். இடையிடையே எழுந்துபோய் அவன் மார்பு உயர்ந்து தாழ்வதைப் பார்த்துவிட்டு வந்தார். "ஊசி விட்டுப்போகும் நேரம் இது, நீர் வீட்டுக்குப் போம்" என்று என்னை அனுப்பிவிட்டார்.

மறுநாட் காலை நான் போனபோது பையன் எழுந்து உட்கார்ந்திருந்தான். அவர் வாங்கில் இல்லை. எங்கே என்று கேட்டேன். "பிளேன்டீ கேட்டேன், வாங்கப் போயிருக்கிறார்" என்றான்.